இரும்பு ஏரோஜெல் காய வைத்த அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. தோட்டம் முழுக்கச் செம்பனைக்கு மாறிய பிறகும் அப்பா தன் சொந்த மூன்று ஏக்கர் கித்தாவை (ரப்பர்) விடவில்லை. காலையில் மங்கு மங்காகச் சேர்த்த பாலைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து, தண்ணீர் கலந்து, நீர்த்த ஃபார்மிக் அமிலத்தைச் சுற்றிச் சுற்றி ஊற்றிக் கிளறுவார். ஒரே இடத்தில் ஊற்றினால் அங்கே மட்டும் கட்டிதட்டிவிடும், ரப்பர்ச் சீட்டு கெட்டுவிடும். முதுகலை ஆய்வுக்காக இரும்பு ஆக்சைடு ஏரோஜெல் (ஜெல்லின் திரவத்தை எடுத்துவிட்டு, துளைகள் நிறைந்த கூட்டை மட்டும் நிறுத்திய இலேசான பொருள்) செய்யப் புகுந்தபோது என் வேலையின் பாதி எனக்குப் புரிந்தது அந்தக் கொட்டகையை நினைத்துத்தான்.

பெரிக் குளோரைடை எத்தனாலில் கரைத்தால் ஆரஞ்சு நிறத் திரவம் கிடைக்கும். அதில் அமோனியா ஊற்றினால் உடனே செஞ்சேறாக அடியில் தங்கிவிடும். பால் உறையாமல் இருக்க அப்பா சேர்க்கும் அதே அமோனியாதான், இங்கே வேலை நேர்மாறு! அதற்குப் பதிலாகப் புரொபிலீன் ஆக்சைடு சேர்க்க வேண்டும். அது கரைசலில் இருக்கும் அமிலத்தை எல்லா இடத்திலும் ஒரே சீராக, மெல்ல மெல்ல எடுத்துக்கொள்ளும். இரும்பு அயனிகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ள, திரவம் கருஞ்சிவப்பாகி அப்படியே உறைந்து நிற்கும். 2001-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தினர் வெளியிட்ட வழி இது. ஒரு எச்சரிக்கை: புரொபிலீன் ஆக்சைடின் கொதிநிலை 34 டிகிரிதான். நம் ஊர் மதிய வெயிலுக்கு அது கிட்டத்தட்டக் கொதிக்கிற சரக்கு. சட்டென்று தீப்பிடிக்கும், உடம்புக்கும் கெடுதல். குளிரூட்டியில் வைத்து, புகை உறிஞ்சும் கூண்டுக்குள்தான் திறக்க வேண்டும்.

ஜெல் கிடைத்துவிட்டால் முக்கால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். இல்லை, அங்கேதான் ஆரம்பம்.

ஈர ஜெல்லைச் சும்மா காய வைத்தால் துளைகளில் இருக்கும் திரவம் ஆவியாகும்போது சுவர்களை உள்ளே இழுக்கும். 5 நானோமீட்டர் ஆரமுள்ள துளையில் தண்ணீர் என்றால் அந்த இழுவிசை 280 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேல். எத்தனால் என்றாலும் 85-க்குக் குறையாது. எந்தச் சுவர் தாங்கும்? அதனால் திரவத்தை மாற்றி மாற்றிக் கடைசியில் திரவக் கரியமில வாயுவைக் கொண்டுவந்து, 31 டிகிரிக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோய், மெதுவாக வெளியேற்ற வேண்டும். அந்த நிலையில் திரவம், வாயு என்ற எல்லையே இல்லை, இழுப்பதற்குப் பரப்பும் இல்லை. 1931-ல் அமெரிக்க வேதியியலாளர் கிஸ்ட்லர் முதல் ஏரோஜெல்களை அறிவித்தபோது பிடித்த சூட்சுமமும் இதுதான்.

முதல் தொகுதியில் அவசரப்பட்டேன். எத்தனாலை இரண்டே முறை மாற்றிவிட்டு உலர்த்தியில் போட்டேன். இரும்பு உப்போடு வந்த தண்ணீர் உள்ளேயே தங்கியிருக்கிறது. அது திரவக் கரியமில வாயுவோடு சரியாகக் கலக்காது. மறுநாள் மூடியைத் திறந்தால், சுண்டுவிரல் பருமன் இருந்த ஜெல் சுருங்கி, கறுத்து, கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து கிடந்தது. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அடுத்த தொகுதிக்கு ஐந்து நாள் ஒதுக்கினேன். தினமும் புது எத்தனால், அப்புறம் அசிட்டோன். இந்த முறை வெளியே வந்தது கையில் எடுத்தால் கனமே தெரியாத செம்பழுப்புத் துண்டு. நகம் பட்டாலே பொடியும்.

ஆனால் எனக்கு வேண்டிய காந்த குணம் அதற்கு இல்லாத மாதிரிதான். அணுக்கள் அடுக்கியிருக்கும் ஒழுங்கைக் காட்டும் எக்ஸ்ரே விளிம்பு விளைவில் கூர்மையான முகடு ஒன்றும் இல்லை, அணுக்கள் ஒழுங்கில்லாமல் கிடக்கின்றன. ஆர்கான் வாயுவில் 260 டிகிரி வரை சூடாக்கினால், துளைகளில் ஒட்டியிருக்கும் கரிமப் பொருளே இரும்பில் ஒரு பங்கை ஒடுக்கி (ஆக்சிஜன் பங்கைக் குறைத்து), மேக்னடைட் என்ற காந்த இரும்பு ஆக்சைடின் படிகமாக்கிவிடும். ஹைட்ரஜன் தேவையில்லை. இதிலும் ஒரு தடவை தோற்றேன். குழாய் இணைப்பில் கசிவு இருந்ததைக் கவனிக்காமல் வெப்பத்தை 400-க்கு ஏற்றிவிட்டேன். வெளியே வந்தது செங்கல் நிறத்தில் ஹேமடைட், காந்தம் அநேகமாக ஈர்க்காத இரும்பு ஆக்சைடு. சரியாக வந்த தடவை நிறம் கருமை. முகடுகள் அகலமாக இருந்தன, கணக்குப் போட்டால் படிகங்கள் 10 நானோமீட்டரைச் சுற்றி. மேக்னடைட்டையும் அதன் உறவான இன்னொரு இரும்பு ஆக்சைடு மேகமைட்டையும் எக்ஸ்ரேயால் மட்டும் பிரித்தறிவது கடினம், இரண்டின் கட்டமைப்பும் அவ்வளவு ஒட்டியது. இரும்பு அணுக்களின் நிலையைக் காமாக் கதிரால் பிரித்துக் காட்டும் மாஸ்பௌவர் அளவீட்டுக்கும் அனுப்பியே தீர வேண்டும்.

காந்த அளவீட்டு வளைகோடு வந்த நாள் மறக்காது. அறை வெப்பத்தில் காந்தப்புலத்தை ஏற்றி இறக்கும்போது அது கண்ணியாக விரியாமல் நடுப்புள்ளி வழியே ஒற்றைக் கோடாகப் போனது. படிகம் இவ்வளவு சிறியதாக இருக்கும்போது வெப்பமே அதன் காந்தத் திசையைப் புரட்டிக்கொண்டே இருக்கும். புலத்தை எடுத்துவிட்டால் காந்தமும் நிற்காது. குளிர்வித்தால்தான் திசை உறைந்து கண்ணி விரியும். உச்ச அளவு, கட்டி மேக்னடைட்டின் கிராமுக்கு 92 emu (காந்த அளவின் அலகு) என்ற எண்ணைத் தொடவில்லை. பரப்பில் இருக்கும் அணுக்கள் ஒத்துழைப்பதில்லை, துகள் சிறுக்கச் சிறுக்கப் பரப்புதான் அதிகம்.

அந்த வார இறுதியில் மூடி முத்திரையிட்ட சிறு குப்பி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் குப்பியின் பக்கத்தில் வைத்தார். கறுப்புத் தூள் கண்ணாடிச் சுவரில் ஏறியது. காந்தத்தை எடுத்ததும் உதிர்ந்து அடியில் விழுந்தது. நாலைந்து தடவை செய்து பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய்ச் செம்மண்ணை ஒரு கை அள்ளி அதன்மேல் காந்தத்தை ஓட்டினார்.

"இதுலயும் இரும்புதானே பாப்பா இருக்கு? இது ஏன் வரல?"

"இரும்புதான்பா. ஆனா இதுல அணுவெல்லாம் ஒண்ணுக்கொண்ணு எதிர்ப்பக்கம் பாத்து நிக்குது."

அப்பா மண்ணை உதறிவிட்டு, குப்பியை இன்னொரு முறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.