‘அமைதி’ என்று ஆறு முறை எழுதிய நோட்டு

மத்திய அரசு வேலைக்காக எஸ்.எஸ்.சி. (பணியாளர் தேர்வு ஆணையம்) நடத்தும் தேர்வுக்குப் படித்த முதல் வருடம், என் ஆங்கிலச் சொல் நோட்டில் க்வயட், காம், ஸ்டில், சைலன்ட், ட்ராங்க்வில், பீஸ்ஃபுல் என்று ஆறு சொற்கள் அடுத்தடுத்து இருந்தன. ஆறுக்கும் நேராக எழுதியிருந்தது ஒரே சொல்: அமைதி. மனப்பாடம் செய்யச் சுலபம்தான். ஆனால் மாதிரித் தேர்வில் நான்கு விடைகளில் இரண்டு ‘அமைதி’யாக வந்து நின்றால் என்ன செய்வது? பட்டதாரி நிலைத் தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு மட்டும் 25 கேள்விகள், 50 மதிப்பெண். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் போய்விடும். தமிழ்வழியில் படித்துவிட்டு இதில் இறங்கும் தம்பி தங்கைகளுக்காக, எனக்குக் கைகொடுத்த வழியை எழுதுகிறேன்.

எங்கள் வீடு தங்கச்சிமடம் பக்கம், பாக் விரிகுடாவைப் பார்த்த கரை. நாங்கள் வடகடல் என்போம். அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மரத்தடியில் அப்பா கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார், பக்கத்தில் நான் அகராதியோடு. உச்சி வெயில். ஓலை நுனி கூட ஆடவில்லை. கடல் கண்ணாடித் தகடு மாதிரி கிடந்தது.

“என்ன தாயி வாசிக்கிற?” என்றார்.

“கடல் அசையாம கெடந்தா இங்கிலீஷ்ல காம்னு சொல்லுவாங்கப்பா.”

“இந்நேரம் வெயில்ல காத்து செத்துப்போய்க் கெடக்குல்ல, இதுவா?”

அன்று மாலை ஒரு பெரிய அகராதியில் அந்தச் சொல்லின் பிறப்பைத் தேடினேன். அப்பா சொன்னது அப்படியே இருந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த ‘காம்’ என்ற சொல்லின் வேர், ‘எரிக்கும் வெப்பம்’ என்று பொருள்படும் ‘காவ்மா’ என்ற கிரேக்கச் சொல். அது லத்தீனுக்குப் போய் நடுப்பகல் வெக்கையைக் குறித்தது. அந்த வெக்கையில் வேலையை நிறுத்தி எல்லாரும் ஒதுங்கும் நேரம், அப்புறம் அந்த நேரத்து அசைவின்மை என்று பொருள் நகர்ந்தது. ஆங்கிலத்தில் முதலில் காற்றில்லாத கடலுக்குச் சொன்னார்கள், மனிதருக்குச் சொன்னது பிற்பாடு. சோப்புக் காய்ச்சும் காஸ்டிக் சோடாவின் ‘காஸ்டிக்’கும் அதே எரியும் வேரில் முளைத்ததுதான். (‘காம்’ என்று எழுதும்போது நடுவில் வரும் ‘எல்’ ஒலிக்காது. எழுத்துப்பிழைக் கேள்விக்கு இதை நினைவில் வையுங்கள்.)

ஆனால் அதே நேரத்தில், நாலு வீடு தள்ளி கரையேற்றிய படகில் பலகை மாற்றிக்கொண்டிருந்தார்கள். சுத்தியல் சத்தம் காதைப் பிளந்தது. கடல் காம், கரை க்வயட் இல்லை. இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்றில் கொந்தளிப்பு இல்லை, மற்றதில் சத்தமோ பரபரப்போ இல்லை. எதிர்ச்சொல் கேட்டாலும் இதை வைத்தே பிரித்துவிடலாம்.

க்வயட் இன்னும் பெரிய குடும்பம். அதன் லத்தீன் வேர் ‘க்வியேஸ்’, இளைப்பாறல் என்று பொருள். எங்கள் கோவிலில் இறந்தவர்களுக்காக “நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே” என்று ஜெபிப்போம். அந்த ஜெபத்தின் லத்தீன் வடிவம் ‘ரெக்வியம்’ என்ற சொல்லில் தொடங்கும். இறந்தவர்களுக்கான திருப்பலிக்கும் இசைக்கும் அதுவே பெயராயிற்று. சிறுவயதிலிருந்து நான் சொல்லிவந்த ஜெபத்துக்குள்ளேயே வேர் இருந்திருக்கிறது. அன்றைக்கு அடைந்த சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

அதே வேரில்தான் க்விட்டும் வருகிறது. பழைய பொருள், கடனிலிருந்து விடுபட்டவன். படகு முதலாளியிடம் வாங்கிய முன்பணம் தீர்ந்த அன்று அப்பா முகத்தில் ஒரு நிம்மதி தெரியும், அதுதான். குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தால் அக்விட். பாக்கியில்லாமல், முழுக்க என்றால் க்வைட். க்வயட்டையும் க்வைட்டையும் மாற்றி எழுதாதவர் நம்மில் குறைவு. எனக்கு இந்தக் கதை தெரிந்தபின் அந்தத் தவறு வரவே இல்லை. மறுத்துப் பேசாமல் இணங்கிப்போவது அக்வியெஸ்.

ஸ்டில் பழைய ஆங்கிலச் சொல், அசையாமல் நிற்பது. சைலன்ட் என்றால் ஒலியே இல்லாதது. இந்த இரண்டுக்கும் இவ்வளவு போதும்.

அதனால் சொல்லுக்கு ஒரு வரி என்று எழுதாதீர்கள், வேருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு வேர் தாராளம். எழுத்து ஒத்துப்போகிறதே என்று நீங்களாக உறவு கட்டிவிடாமல், சொற்பிறப்பு தரும் அகராதியில் பார்த்துவிட்டு எழுதுங்கள். இந்தக் கதையெல்லாம் வீட்டில் படிக்கும்போது மட்டும். 60 நிமிடத்தில் 100 கேள்வி இருக்கும் அறையில் வேர் தேடி உட்கார்ந்தால் கணக்குக்கு நேரம் இருக்காது. வீட்டில் நன்றாகப் பதிந்த சொல், அங்கே தானாக வரும்.

அந்த ஆறு வரிகளையும் அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். காம்: உச்சி வெயிலில் காற்று செத்த வடகடல். க்வயட்: தடைக்காலத்து ராத்திரி, இஞ்சின் சத்தம் இல்லாத இறங்குதளம். ஸ்டில்: வலைமேல் மீனுக்காக நிற்கும் கொக்கு.