ஆறு மணி விருந்து

அகமதாபாத் விமான நிலையத்திலிருந்து ஆட்டோவில் வந்துகொண்டிருந்தபோதே போன் வந்துவிட்டது. "அப்பா சாதுர்மாஸ நியமத்தில் இருக்கிறார். பொழுது சாய்ந்த பிறகு எதுவும் சாப்பிட மாட்டார். நாளன்றைக்கு டின்னரைக் கொஞ்சம் முன்னாடி வைத்துக்கொள்ளலாமா?" சாதுர்மாஸம் என்பது ஜெயின்கள் மழைக்காலத்து நான்கு மாதமும் இருக்கும் விரதம். எங்களிடம் வாங்கும் மில் முதலாளியின் மகன் அவ்வளவு பணிவாகக் கேட்கும்போது என்ன சொல்வது? சரி என்றேன். கோயம்புத்தூரிலிருந்தே எட்டரை மணிக்கு ஒரு மொட்டைமாடி ரெஸ்டாரண்டில் டேபிள் சொல்லி வைத்திருந்தேன். அது போச்சு.

நாங்கள் நூற்பாலைகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் செய்கிறவர்கள். வருடத்துக்கு இரண்டு முறை நான் குஜராத் பக்கம் வருவேன். வாங்குபவரைச் சாப்பிட அழைத்துப் போவது வேலையில் பாதி. அதிலும் இந்தப் பெரியவரோடு சாப்பிடப் போகிறோம் என்றால் சத்தமில்லாத இடமாக இருந்தே ஆகவேண்டும். இளவயதில் தறி ஷெட்டில் நின்று வேலை கற்றவர். இடது காது சரியாகக் கேட்காது.

இது எனக்குத் தெரிந்தது போன பிப்ரவரியில், பட்டுத்தான். அப்போது விரதம் எதுவும் இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு, நல்ல பெயருள்ள ஒரு தாலி கடைக்கு, அதாவது தட்டு நிறையக் கிண்ணம் வைத்துப் பரிமாறும் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனேன். சாப்பாட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் குஜராத்தி தாலியின் உபசாரம் நம் கல்யாணப் பந்தியைத் தோற்கடிக்கும். தட்டில் ஒரு கிண்ணம் காலியானால் பொறுக்காது. நான் ரேட்டு சொல்ல வாயைத் திறந்தேன், "கடி?" என்று மோர்க்குழம்புக் கரண்டி குறுக்கே வந்தது. தள்ளுபடி பற்றிப் பேசினேன், புல்கா வந்தது. அதன்மேல் நெய் வந்தது. பக்கத்து மேஜையில் பிறந்தநாள். இந்த அமளியில் என் ஹிந்தியில் "உன்ஹத்தர்" என்றேன், அதாவது 69 ரூபாய். பெரியவர் தலையை ஆட்டினார். பத்து நாள் கழித்து வந்த ஆர்டரில் 59 என்று இருந்தது. "உன்சட்" என்று கேட்டிருக்கிறார். ஹிந்தி எண்களோடு எனக்கு இருபது வருடப் பகை. ஆனாலும் அன்றைக்குத் தப்பு பாதி அந்தக் கரண்டியுடையது.

இந்த முறை ஒரு நாள் முன்னதாகவே, அதே மாலை நேரத்தில் இடம் பார்க்கக் கிளம்பினேன். ஆகஸ்ட்டில் அங்கே சூரியன் மறைய ஏழு மணி தாண்டிவிடும். நம் ஊரைவிட ஏறக்குறைய அரை மணி பிந்தி. அதனால் ஆறு மணிக்கு உட்கார்ந்தால் போதும். சிக்கல் வேறு. நான் விசாரித்த தாலி கடைகள் மதியம் மூன்றுக்கு மூடினால் மறுபடி ஏழுக்குத்தான் திறக்கும். இடைப்பட்ட நேரத்தில் திறந்திருப்பவை காபி ஷாப் வகைகள்.

எஸ்.ஜி. ஹைவே பக்கம் ஒன்றைப் பார்த்தேன். பார்வைக்கு அழகு: சிமெண்ட் கூரை, மூன்று பக்கம் கண்ணாடி, இரும்பு நாற்காலி. நாற்காலியை இழுத்த சத்தமே பல்லைக் கூசவைத்தது. நான் எங்கே போனாலும் ஒரு தடவை மெல்லக் கை தட்டிப் பார்ப்பேன். எதிரொலி வந்தால் அந்த இடம் நிறைந்ததும் பேச முடியாது. தட்டினேன். எதிரொலியோடு வெயிட்டரும் வந்து நின்றார், முகம் சுளித்தபடி. ஒரு காபி குடித்துவிட்டு எழுந்தேன். நான் தங்கியிருந்த ஹோட்டலிலேயே கீழே ஒன்று உண்டு. அங்கே டிவியில் கிரிக்கெட், கவுண்டரில் ஜூஸ் மிக்ஸி.

கடைசியில் கிடைத்தது ஆசிரமச் சாலையில் ஒரு பழைய ஹோட்டலின் முதல் மாடி. கனமான திரைச்சீலை, தேய்ந்த கம்பளம், லேசாக மழைக்கால வாடை. இன்ஸ்டாகிராமில் யாரும் போட மாட்டார்கள். கை தட்டினேன், சத்தம் கம்பளத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. மூலை மேஜைக்கு மேலே ஸ்பீக்கர் இருந்தது, அதை அணைக்கச் சொன்னேன். "ஆறு மணிக்கா? அப்போது ஒருத்தரும் வர மாட்டார்கள் சார்" என்றார் மேனேஜர், எனக்காக வருத்தப்பட்டு.

அப்புறம் அந்த ஊரின் நிரந்தரக் கேள்வி: "ரெகுலரா, ஜெயினா?" ஜெயின், அதுவும் சாதுர்மாஸம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்து பென்சிலை எடுத்தார். வெங்காயம், பூண்டு, உருளை, கேரட் இல்லை. மண்ணுக்குள் விளைவது எதுவுமே இல்லை. மழைக்காலம் என்பதால் கீரையும் இல்லை, தூவும் மல்லித்தழைகூடக் கிடையாது. இஞ்சி கூடாது, ஆனால் சுக்கு கூடும். கோஃப்தாவுக்கு உருளைக்குப் பதில் வாழைக்காய் என்று அவரே முடிவு செய்தார். நான் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

மறுநாள் ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு அப்பாவும் மகனும் வந்தார்கள். பெரியவர் கையில் சின்ன எவர்சில்வர் பிளாஸ்க், கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர். அவருடைய வலது காது என் பக்கம் இருக்கும்படி நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஹாலில் எங்கள் மூன்று பேரைத் தவிர ஆள் இல்லை. கிண்ணத்தில் ஸ்பூன் படும் சத்தம் கேட்டது.

"பஹத்தர்" என்றேன்.

"பஹத்தரா? எழுபத்திரண்டா?" தெளிவாகக் கேட்டுவிட்டது. தெளிவாகவே கோபப்பட்டார். அமைதியான இடத்தில் இப்படி ஒரு தொந்தரவு இருக்கிறது, எதையும் கேட்கவில்லை என்று இரண்டு தரப்பும் சொல்ல முடியாது. தொண்ணூறு நாள் கடன் கேட்டார். சிறுதொழில்காரனுக்கு 45 நாளைத் தாண்டியும் பணம் தராமல், மார்ச் முடிவில் பாக்கி நின்றால் அந்த வருடக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாதே பாபுஜி என்றேன். மகன் குனிந்து பருப்பைப் பிசைந்தார். பெரியவர் வாழைக்காய் கோஃப்தாவை இரண்டாகப் பிட்டு, வெகுநேரம் மென்றார். அந்த மௌனத்தை நிரப்ப ஒரு கரண்டியும் வரவில்லை.

ஏழு அடிக்கச் சில நிமிடங்கள் இருந்தன. பிளாஸ்க்கில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்து முடித்தார், இனிக் காலையில்தான். பிறகு டம்ளரைக் கவிழ்த்துவிட்டு, "இகத்தர். நாள் உங்கள் கணக்குப்படி" என்றார். 71. இந்த முறை நான் காகிதத்தில் எழுதிக் காட்டினேன், சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஏழரைக்கு ரூமுக்குத் திரும்பியாகிவிட்டது. வேலை நேரத்தில் நான் சரியாகச் சாப்பிடுவதில்லை. பத்து மணிக்கு வயிறு கூப்பிட்டது. பழைய நகரத்தில் மாணெக் சௌக்குக்கு ஆட்டோ பிடித்தேன். காலையில் காய்கறிச் சந்தை, பகலில் நகைக்கடை வீதி, ராத்திரி கடைகள் மூடியதும் தெரு முழுக்கச் சாப்பாட்டுக் கடை. தோசைக்கல்லில் கரண்டி தட்டும் சத்தம், ஹாரன், ஆளை இழுக்கும் கூப்பாடு, பெஞ்சில் இடம் பிடிக்கச் சண்டை. என் ஆர்டரை இரண்டு முறை கத்த வேண்டியிருந்தது.

"ரெகுலரா, ஜெயினா?" என்று அவனும் கத்தினான்.

"ரெகுலர்! வெங்காயம் ஜாஸ்தி!"