குப்புற விழாத குழந்தை உருண்டு விழுமா?

மூன்றரை மாதக் குழந்தை. இன்னும் குப்புற விழத் தொடங்கவில்லை. தடுப்பூசிக்காகச் சட்டையைக் கழற்றியபோது காதுமடலின் பின்புறம் கன்றிப்போயிருந்தது. "கட்டிலிலிருந்து உருண்டு விழுந்துட்டான், சிஸ்டர்" என்றார் தாய். சற்றுப் பின்னர் உள்ளே வந்த தந்தையோ, மூத்தவன் பொம்மையால் அடித்துவிட்டதாகச் சொன்னார்.

ஓடியாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் அடிபடுவது இயல்பு. ஆனால் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையின் மார்பு, வயிறு, முதுகு, காது, கழுத்து ஆகிய இடங்களில் ரத்தக்கட்டு தெரிந்தாலோ, நான்கு மாதம்கூட நிரம்பாத குழந்தையின் உடலில் எங்கே தெரிந்தாலோ, அதைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது என்பதே எங்களுக்குக் கற்பிக்கப்பட்டது. அதே சமயம், பிறந்தது முதலே இடுப்பிலும் முதுகிலும் இருக்கும் நீலத் திட்டுகளையும், ரத்தம் உறைவதில் உள்ள குறைபாட்டையும் அடிபட்ட காயமென்று எண்ணிவிடும் அபாயமும் உண்டு. காயத்தின் நிறத்தைக் கொண்டு அது எத்தனை நாள் பழையது என்று கணிப்பதும் நம்பத்தக்கதன்று.

1962-இல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி கெம்பும் சக மருத்துவர்களும் குழந்தைகள் வீட்டிலேயே அடித்துத் துன்புறுத்தப்படுவதைப் பற்றி எழுதியபோது, பெற்றோரே இப்படிச் செய்வார்கள் என்று நம்ப மருத்துவர்கள் தயங்குவதையும் குறிப்பிட்டிருந்தார்கள். எங்கள் தயக்கம் இன்னும் நெருக்கமானது: பிரசவத்திலிருந்து பழகிய குடும்பம், முகம் திருப்பிக்கொண்டால் தடுப்பூசிக்கும் வராமல் போய்விடுமே என்ற கவலை. ஆனால் குற்றத்தை நிரூபிப்பது எங்கள் வேலையே அல்ல. நியாயமான சந்தேகம் எழுந்தால், அதை உரியவர்களிடம் தெரிவிப்பதோடு எங்கள் கடமை தொடங்குகிறது. (வீட்டுக்கே போய் விசாரித்துவிடலாம் என்று கிளம்பும் ஆர்வம்தான் இதில் மிகவும் ஆபத்தானது.)

பேசத் தெரிந்த பிள்ளையாக இருந்திருந்தால், "அப்பா அடித்தாரா?" என்று கேட்காமல் "என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டிருப்பேன், யாரிடமும் சொல்லமாட்டேன் என்ற வாக்குறுதியையும் கொடுத்திருக்க மாட்டேன்.

அன்று, இருவரும் சொன்னதை அவரவர் வார்த்தையிலேயே, நேரத்துடன் எழுதினேன். உடல் வரைபடத்தில் இடத்தைக் குறித்து, அளவையும் பதிந்தேன். மருத்துவர் பார்த்து, குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவுக்கு அன்றே தெரிவித்து, எலும்பு முறிவு உள்ளதா என்று பார்க்கப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். காரணத்தையும் அவரே பெற்றோரிடம் நேராகச் சொன்னார்.

அடுத்த தடுப்பூசிக்கு அந்தத் தாய் வந்தார். என் மேசையைத் தாண்டிச் சென்று, பக்கத்து சிஸ்டரிடம் குழந்தையைக் கொடுத்தார்.