மாவு பிசைந்தவள்

பெர்லின் வந்த புதிதில் அடுமனையில் ‘ஐன் லைப் ப்ரோட்’ (ஒரு முழு ரொட்டி) என்று கேட்கப் பழகினேன். அந்த ‘லைப்’பைத் துரத்திப் போனால் ‘ஹ்லைபஸ்’ வந்து நிற்கிறது. ஜெர்மன், ஆங்கிலம் போன்றவற்றுக்கு மூலமான தொல்ஜெர்மானிய மொழியில் ரொட்டி. எங்கும் எழுதிவைக்கப்படாத சொல். பிள்ளைமொழிகளை ஒப்பிட்டு மீட்டது. அதனால்தான் மொழியியலாளர்கள் அதை எழுதும்போது முன்னால் நட்சத்திரக்குறி இடுகிறார்கள். அந்தப் பிள்ளைமொழிகளில் ஒன்றான கோத்திக்கின் 4ஆம் நூற்றாண்டு பைபிளில் ‘ஹ்லைஃப்ஸ்’ இருக்கிறது. ரஷ்யரின் ‘ஹ்லெப்’ ஜெர்மானியத்திலிருந்து கடன் போனது.

என்னை உலுக்கியது பழைய ஆங்கிலம்தான். ‘ஹ்லாஃப்வெயார்ட்’ என்றால் ரொட்டியைக் காப்பவன். தேய்ந்து தேய்ந்து ‘லார்ட்’ ஆனான். படியளப்பவர் என்று பாட்டி சொல்வாளே, அந்த நினைப்பு வந்தது. ‘ஹ்லேஃப்டியெ’, ரொட்டி மாவு பிசைபவள். அவள்தான் ‘லேடி’!

நேற்று சப்பாத்திக்குப் பிசையும்போது மகளிடம் சொன்னேன். அவளும் ஓர் உருண்டை கேட்டு வாங்கிக்கொண்டாள்.