மறுநாள் காலையிலும் ஆடிக்கொண்டிருந்தது

திரவத்தில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் துள்ளுவதுதான் பிரௌனியன் இயக்கம். அதைப் பள்ளியில் ஒரு வரியில் படித்துக் கடந்து வந்தவன் நான். கண்ணால் பார்த்தது போன சனிக்கிழமை ராத்திரிதான்.

மஞ்சள் வாட்டர் கலரைத் தூரிகை நுனியில் தொட்டு ஒரு தம்ளர் தண்ணீரில் கரைத்தேன். அதில் ஒரு சொட்டை ஸ்லைடில் விட்டு, கவர் ஸ்லிப் மூடி, நுண்ணோக்கியில் 400 மடங்கு பெரிதாக்கினேன். துகள்கள் எல்லாம் ஒரே பக்கமாக நகர்ந்தன. இதுதான் என்று சந்தோஷப்பட்டேன். இல்லை, ஓரத்தில் தண்ணீர் ஆவியாவதால் வந்த ஓட்டம் அது. நாலு ஓரத்திலும் நகப்பூச்சு தடவி அடைத்ததும் ஓட்டம் நின்றது. அப்புறம்தான் நிஜமான ஆட்டம் தெரிந்தது. ஒரு துகள் இடப்பக்கம் துள்ளினால் பக்கத்தில் இருப்பது வேறெங்கோ துள்ளுகிறது. பெரியவை மந்தம், பொடிசுகளுக்கு ஒரு நொடி ஓய்வில்லை.

1827இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன் பார்த்ததும் இதைத்தான். மகரந்தமே தண்ணீரில் ஆடியது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள், அது சரியில்லை. கிளார்க்கியா புல்கெல்லா என்ற செடியின் மகரந்தத்துக்குள் இருந்த நுண்துகள்கள்தான் ஆடின. இப்படித் துள்ள முடியாத அளவுக்கு மகரந்தம் பெரியது. உயிர் இருப்பதால் ஆடுகிறதோ என்று அவருக்குச் சந்தேகம். கண்ணாடித் தூள், கல் தூள், ஸ்பிங்க்ஸ் சிலையின் ஒரு துணுக்கு என்று அரைத்து அரைத்துப் போட்டுப் பார்த்தார். எல்லாமே ஆடின. இந்த விடாப்பிடிதான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது.

காரணத்தைக் கணக்கோடு சொன்னவர் ஐன்ஸ்டைன், 1905இல். நீர் மூலக்கூறுகள் துகளை எல்லாப் பக்கமும் மோதுகின்றன. எந்தக் கணத்திலும் இரு பக்க மோதலும் சமமாக இருப்பதில்லை. திசை மாறிக்கொண்டே இருப்பதால், நாலு மடங்கு நேரம் காத்திருந்தாலும் துகள் சராசரியாக இரண்டு மடங்கு தூரம்தான் விலகும். ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறுக்களவுள்ள துகள் 17 டிகிரி நீரில் ஒரு நிமிடத்தில் சுமார் 6 மைக்ரான் விலகும் என்றார். கம்போஜ் என்ற மஞ்சள் பிசினின் துகள்களை வைத்து இயற்பியலாளர் ழான் பெரான் இதைச் சோதித்து, குறிப்பிட்ட அளவு பொருளில் எத்தனை மூலக்கூறுகள் என்று சொல்லும் அவகாட்ரோ எண்ணையும் கணக்கிட்டார். அணு இருக்கிறதா என்ற பழைய சந்தேகம் அதோடு ஓய்ந்தது. 1926இல் பெரானுக்கு நோபல் பரிசு.

பெரான் 30 நொடிக்கு ஒரு தடவை துகளின் இடத்தைக் குறித்தார். நானும் ஒரு துகளைப் பிடித்துக்கொண்டு கட்டத் தாளில் புள்ளி வைத்தேன். கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று சிக்கி, பத்தாவது புள்ளி கிட்டத்தட்ட முதல் புள்ளியிலேயே வந்து விழுந்தது. பதினேழாவதில் துகள் மங்கி மறைந்தது. பக்கவாட்டில் மட்டுமா, ஆழத்திலும்தான் அலைகிறது! நுண்ணோக்கியின் குவியத் திருகைத் தொட்டுத் தேடினேன். அதே துகள்தானா என்று சொல்ல முடியவில்லை.

ஞாயிறு காலை எழுந்ததும் அதே ஸ்லைடைப் பார்த்தேன். பெரிய துகள்கள் அடியில் படிந்திருந்தன. அவற்றுக்கு மேலே பொடிசுகள், ராத்திரி விட்ட அதே வேகத்தில்.