ஜெர்மனியில் முதல் மாதம்: பிளாக்ட் அக்கவுண்ட் பணம் கைக்கு வரும் வரை

மாணவர் விசாவுக்காக பிளாக்ட் அக்கவுண்ட்டில், அதாவது மாதம் ஒரு குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்க முடிகிற முடக்கப்பட்ட கணக்கில், 11,904 யூரோ போட்டாயிற்று, இனி செலவுக்குக் கவலையில்லை என்று நம்பித்தான் பலரும் விமானம் ஏறுகிறார்கள். அந்தப் பணம் மாதம் 992 யூரோவாகத்தான் வெளியே வரும். வந்து இறங்கிய அன்றே முதல் தவணை கிடைக்காது. இங்கே உங்கள் பெயரில் ஒரு சாதாரண வங்கிக் கணக்கு வேண்டும். கணக்கு திறக்கப் பல வங்கிகள் முகவரிப் பதிவுச் சான்று கேட்கும். முகவரியைப் பதிய, அதாவது அன்மெல்டுங் செய்ய, வீடு வேண்டும். வீட்டுக்கு டெபாசிட் வேண்டும். சுற்றிச் சுற்றிப் பணத்திடமே வந்து நிற்கும்.

அதனால் முதல் மாத வாடகை, டெபாசிட், ஆறு வாரச் சாப்பாட்டுச் செலவு மூன்றையும் ஃபோரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டு நாணயம் ஏற்றிய கார்டு) தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கிப் படிக்க வருபவர்கள் இதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

டெபாசிட் மூன்று மாத கால்ட்மீட்டவுக்கு மேல் போகக் கூடாது. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்ட சட்டம் இடம் தருகிறது. கால்ட்மீட்ட என்பது வெறும் வாடகை. ஹீட்டிங், தண்ணீர், குப்பைக் கட்டணம் சேர்ந்தால் வார்ம்மீட்ட. மின்சாரமும் இன்டர்நெட்டும் பல வீடுகளில் அதிலும் சேராது, கேட்டுக்கொள்ளுங்கள். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியை கூரியரில் அனுப்புகிறேன்" என்று யார் சொன்னாலும் அது மோசடிதான்.

அன்மெல்டுங்கை, குடியேறிய இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. நீங்கள் குடிவந்ததை உறுதிப்படுத்தி வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் தனியாக வேண்டும். பயணிகள் தங்கும் ஹாஸ்டலும் குறுகிய கால அறைகளும் பெரும்பாலும் அதைத் தருவதில்லை. முன்பணம் கொடுக்கும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

சாவி கைக்கு வந்ததும் தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள், பதிவில் உள்ள அதே எழுத்துகளில். பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். ஏடிஎம் கார்டு, பின் நம்பர், வரி எண், இன்சூரன்ஸ் கார்டு எல்லாம் தபாலில்தான் வரும். ஒரு சின்னக் காகிதத் துண்டு இல்லாததால் எல்லாமே வாரக்கணக்கில் தள்ளிப்போகும்.

பதிவு முடிந்த சில வாரங்களில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணக் கடிதம் வரும். டிவி இல்லையே என்று தூக்கிப் போடாதீர்கள். பாக்கி ஏறிக்கொண்டே போகும். மாதம் 18.36 யூரோ, ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. கூட இருப்பவர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய கட்டணக் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்பினால் போதும். பொது நடைபாதையில் தனிக் கதவு உள்ள மாணவர் விடுதி அறை மட்டும் தனி வீடாகவே கணக்கில் வரும்.