புதுக்கோட்டைக் குன்றுகள்: கல்லும் வெயிலும்

ஜனவரி 17, சனி. சித்தன்னவாசல்

காலையில் ஏழடிப்பட்டம், அதாவது சமணத் துறவிகளின் கல்படுக்கைகள் உள்ள குகை. மாலையில் அறிவர் கோயில், பாறையைக் குடைந்து ஓவியம் தீட்டிய சமணக் கோயில். இந்த வரிசை மாறக் கூடாது. அறிவர் கோயில் மேற்குச் சரிவில் இருக்கிறது. மூன்று மணிக்கு மேல்தான் வெளிச்சம் சாய்ந்து உள்ளே வரும். பத்து மணிக்குப் போய்விட்டு "ஓவியமே தெரியல" என்று திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

ஏழடிப்பட்டத்தில் பாறையில் கொத்திய படிகள், பக்கத்தில் கம்பி. பனி ஈரம் காயும்வரை செருப்பு வழுக்கும். உள்ளே 17 படுக்கைகள், தலைமாடு மட்டும் சற்று மேடாக. தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டைத் தேடிச் சாக்பீஸ் தேய்க்க வேண்டாம். டார்ச்சைப் பாறையோடு ஒட்டிப் படுக்க வைத்தால் வெட்டுக்குள் நிழல் விழுந்து எழுத்து தானே எழும்பும். சாக்பீஸால் தேய்ப்பவர் தன் கண்ணுக்குப் பட்ட வடிவத்தைத்தான் வரைகிறார். அடுத்து வருகிறவர் அந்தத் தவறையே படிக்கிறார்.

அறிவர் கோயிலில் நுழைந்ததும் விதானத்தை அண்ணாந்து பார்த்துப் பயனில்லை. ஐந்து நிமிடம் கண் இருட்டுக்குப் பழகட்டும். தாமரைக் குளம், மீன், எருமை, யானை, பூப்பறிக்கும் ஆட்கள் என்று ஒவ்வொன்றாகத் தெளியும். முன்னால் உள்ள தூண் மண்டபம் பழையதல்ல; 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடுமியான்மலைத் தூண்களைக் கொண்டுவந்து கட்டியது. அதை வைத்துக் கோயிலின் காலத்தைக் கணிக்கக் கூடாது.

ஜனவரி 18, ஞாயிறு. நார்த்தாமலை

மேலமலை ஏற்றம் நீளமில்லை, நிழலும் இல்லை. ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுவது நல்லது. அதற்கு மேல் வெறும் பாறை காலைச் சுடும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். சுனை நீரை நம்பிப் போக வேண்டாம். சுனையின் ஓரப்பாறை காய்ந்தது போலத் தெரியும், நீர்மட்டத்தை ஒட்டி ஒரு முழ அகலத்துக்குப் பாசி. வழுக்கி விழுகிற இடம் அதுதான்.

மேலே விஜயாலய சோழீஸ்வரம், மேற்கு பார்த்த கற்றளி (கல்லால் கட்டிய கோயில்). சாத்தன் பூதி கட்டியதையும், மழையில் இடிந்ததை மல்லன் விடுமன் புதுக்கியதையும் அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. எதிரே சமணர் குடகு என்ற குடைவரை (பாறையைக் குடைந்த கோயில்). பெயர்தான் சமணர், உள்ளே வரிசையாக நிற்பவர்கள் பன்னிரண்டு விஷ்ணு சிற்பங்கள்.

ஜனவரி 24, சனி. குடுமியான்மலை

இசைக் கல்வெட்டு மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில். சுமார் 13 அடிக்கு 14 அடி. கிரந்த எழுத்து, ஏழு பகுதிகள், சுரங்கள் நான்கு நான்காக. ஒரே சுரத்துக்கு ர, ரி, ரு, ரெ என்று உயிர் மாறி வருவதைக் கவனியுங்கள், அது எதைக் குறிக்கிறது என்பதில்தான் சிக்கல். விடியல் வெயில் நேராக அடித்தால் எழுத்து தட்டையாகிவிடும். சூரியன் உச்சியை நெருங்கும்போது ஒளி பாறையை மேலிருந்து உரசி இறங்கும். படம் எடுக்க அதுவே நேரம்.

மைப்படி (கல்வெட்டைத் தாளில் மையால் எடுக்கும் நகல்) எடுக்கத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும். செய்முறை சுலபம்தான்: கல்லை நீர்விட்டு மென்தூரிகையால் துடைத்து, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளத்துக்குள் இறக்குவார்கள். பாதி காய்ந்ததும் மைப்பொதியால் ஒற்றுவார்கள். ஈரம் கூடினால் மை ஊறிப் பரவி எழுத்தும் கருத்துவிடும். தாள் முழுக்கக் காய்ந்துவிட்டால் கல்லைவிட்டு உரிந்து வரும்.

ஜனவரி 25, ஞாயிறு. திருமயம்

1687இல் கட்டிய கோட்டையை ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம். சிவன் குடைவரைக்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் ஒரு இசைக் கல்வெட்டு இருந்தது. பின்னாளில் அதைச் சிதைத்து மேலே வேறு கல்வெட்டு வெட்டிவிட்டார்கள். "பரிவாதினி" (ஒரு வகை வீணை) என்ற சொல் தப்பியிருக்கிறது. அதே சொல் குடுமியான்மலையிலும் உண்டு.